கருங்கல்ல இருந்து கனடா மெஷினுக்கு வைத்தியம்

இன்னைக்கு சாயங்காலம், ரிப்பேருக்குக் குடுத்த புல்லு வெட்டுற மெஷினை வாங்க, எங்க கருங்கல் ஊர்ல மெக்கானிக் ஸ்டீபன் அண்ணன் பட்டறையில நிக்கேன்.

கனடாவுல இருந்து தங்கச்சி வீடியோ கால். அங்க விடியக்காலம்.

"எக்கா, கார் பனிக்குள்ள கெடக்கு. பனியை அள்ளி வீசுற மெஷின் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு. இன்னைக்கு ஐசியூல எனக்கு டூட்டி!"

அழாத குறை. போனை அண்ணன்கிட்ட நீட்டினேன். அவரு பனியை நேர்ல பாத்ததே கிடையாது.

"பெட்ரோல் எப்ப ஊத்தினது?"

"போன வருசம் அண்ணா."

"அதான் மக்கா! பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைச்சிருக்கு. அடியில உள்ள போல்ட்டைக் கழத்தி வடிய விடு. புது பெட்ரோல் ஊத்தி, சோக்கு போட்டு கயித்த இழு."

மூணாவது இழுப்புல எஞ்சின் உறுமிச்சு. பட்டறையே கைதட்டிச்சு!

பனி வந்து விழுற குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு அவ பாக்கல்ல. மொத்தமும் காப்பி கொண்டுவந்த அவ மாப்பிள்ளை தலையில.

அண்ணன் பதறிட்டாரு. "குழாயைத் திருப்பு மக்கா... முதல்ல அவனைத் துடை!"

டூட்டிக்கு நேரத்துக்குப் போயிட்டாளாம், இப்பதான் மெசேஜ் வந்தது.

பனி நாட்டுல உள்ள நம்ம ஆளுக யாருக்காவது மெஷின் மக்கர் பண்ணுதா? சொல்லுங்க. அண்ணன் பயங்கர உற்சாகத்துல இருக்காரு.