இரண்டு ஆசியா உம்மாக்கள்

கல்முனையில் ஒரு மாடியில் சொந்தமாக மென்பொருள் நிறுவனம் வைத்திருக்கிறேன். பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். நாங்கள் செய்யும் எந்த மென்பொருளிலும் ஒரு பெயர் தானாக அழியாது. யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். "சேருக்கு டிலீட் என்றாலே காய்ச்சல்" என்று பையன்கள் எனக்குப் பின்னால் சிரிப்பது தெரியும். சிரிக்கட்டும். நான் எழுதிய முதல் புரோகிராம் எது என்று கேட்கிறவர்களிடம் பாம்பு விளையாட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்.

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் வெறும் மணலாகிக் கிடந்தன. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. கடலோரத்தில் இருந்த சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, தன் ஒரே மகளோடு எங்களிடம் வந்து ஒண்டியிருந்தார். சாச்சாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த மகளை நான் ராத்தா என்பேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அவர் வந்தது பெருநாள் மாதிரி இருந்தது.

பாடசாலை விட்டால் நான் போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில்தான் கிடப்பேன். சும்மா இருக்கும் கணினியைத் தொடக் கடைக்காரர் விடுவார். ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து நானாகவே புரோகிராம் எழுதப் பழகியிருந்தேன். அந்தக் கடைக்குத்தான் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் புதிய வீடுகளுக்கான பட்டியலைத் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது; ஆகவே பட்டியல் முழுக்கப் பெண்களின் பெயர்கள். அடையாள அட்டைகளும் கடலோடு போயிருந்ததால் பெயரும் ஒழுங்கையும்தான் ஆதாரம். பதற்றத்தில் பலர் இரண்டு முறை பதிந்திருந்தார்கள்.

"ரெண்டு தரம் வந்த பேரெல்லாம் கழிச்சித் தருவியா மனே?" என்று மரைக்கார் கேட்டார்.

ஒன்பது வரி எழுதினேன். முதலெழுத்து, பெயர், ஒழுங்கை மூன்றும் ஒத்துப்போனால் பிந்தி வந்ததை நீக்கு. கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மரைக்கார் என் தோளைப் பிடித்து நாலு பேரிடம் காட்டினார். வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கிருந்தோ பாவித்த பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தார். இன்றைக்கு நான் சாப்பிடும் சோறு அந்த ஒன்பது வரியில் வந்தது.

பட்டியலை ஒட்டிய அன்று போய்ப் பார்த்தேன். எம்.எல். ஆசியா உம்மா என்று ஒருவர்தான் இருந்தார். ஒழுங்கையில் இருந்ததோ இருவர். சாச்சி ஒருவர், மற்றவர் சாச்சியுடைய பெரியும்மாவின் மகள், அடுத்த வளவுக்காரி. குடும்பத்தில் மூத்த ஒருத்தியின் பெயரை இருவருக்கும் வைத்திருந்தார்கள். ஒருவரின் வாப்பா மீராலெப்பை, மற்றவரின் வாப்பா முஸ்தபாலெப்பை. சுருக்கினால் இரண்டும் எம்.எல். எஞ்சிய வரியில் ஐந்து பிள்ளைகள் என்றிருந்தது. அது சாச்சி இல்லை.

பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. கணினியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்று; மரைக்கார் முகத்தில் எப்படி முழிப்பது என்ற வெட்கம் ஒன்று. சாச்சி அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தார். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு வீடும் கொடுத்தாயிற்று, அதே பெயரில் இருவர் என்றால் அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்றார்கள். கடைசியில் சாச்சி தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

"அவள்தான் என்ட பேர வெட்டிப்போட்டவள்."

ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இருவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. போன வருடம் அந்த மற்ற ஆசியா உம்மா மௌத்தானபோதும் சாச்சி போகவில்லை. நான் போய் ஜனாஸாவைத் தோளில் தூக்கினேன். எந்த முகத்தோடு தூக்கினேன் என்று தெரியவில்லை.

ராத்தாவுக்குச் சுனாமிக்கு முந்தியே மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்தார்கள். வீடு கிடைக்காது என்று ஆனதும் வந்து, தேநீரைத் தொடாமலே எழுந்து போனார்கள். அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. இன்று ராத்தாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில், அன்று வந்து ஒண்டிய அதே அறையில்தான் இருக்கிறார். கையில் காசு புழங்கத் தொடங்கியபோது வீடு கட்டித் தருகிறேன் என்றேன். இனி ஆருக்குத் தம்பி என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். உண்மையை அவரிடமும் சாச்சியிடமும் இன்னும் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன அன்று ராத்தா அந்த அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் முடிந்தால் புது வீட்டுக்குப் போய்விடுவாரே என்று பல மாதங்களாக எனக்குக் கவலை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ராத்தா, இனி நீங்க எங்கயும் போகமாட்டீங்கதானே?"

"ஓம் தம்பி. இனி எங்கயும் போகமாட்டன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய் அதை உம்மாவிடம் சொன்னேன். ஒருநாளும் கை நீட்டாத உம்மா என் கன்னத்தில் அறைந்தார். பட்டியல் விசயம் தெரிந்துவிட்டதாக்கும் என்று நடுங்கினேன். அது இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக விளையாடப் போனேன்.