இரண்டு அள்ளு கொழுந்து

மடுல்கெல்லப் பக்கம் நான் கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டத்தில் ஒருநாள் போட்டி வைத்தார்கள். அதிகம் பறிப்பவளுக்கு ஒரு பிரஷர் குக்கர். "வெளையாட்டா நெனச்சுப் பறிங்க," என்றார் கணக்கப்பிள்ளை. விளையாட்டுதான். ஆனால் பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அன்றைக்கும் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

பக்கத்து நிரையில் என் அண்ணன் மனைவி. வழுக்கி விழுந்ததில் மதினியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்த மாதம் ஏற்கெனவே மூன்று அரைப்பேர். இன்னொன்று விழுந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். அதனால் தினமும் நிறுவைக்கு முன்னால் என் சாக்கிலிருந்து இரண்டு அள்ளு எடுத்து அவள் சாக்கில் போட்டுவிடுவேன். எங்களுக்குள் அது வழக்கம். கங்காணி சரியாக அந்த நேரம் பார்த்து வெற்றிலை மடிக்கத் தொடங்குவார், நல்ல மனுஷன்.

போட்டியன்று காலையிலேயே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தேத்தண்ணிக்குக்கூட நிற்கவில்லை. கீழ் நிரைக்காரி முந்துகிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். தினமும் இடுப்பு வலி என்று புலம்புகிறவள், ஒரு குக்கருக்காக ஓடி ஓடிப் பறித்தேன். அந்த ஒரு குக்கரைக் காட்டி அன்று எத்தனை சாக்குக் கொழுந்தை லொறியில் ஏற்றினார்கள்! நினைத்தால் அவர்கள்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது.

நிறுவை வரிசையில் மதினி எனக்கு முன்னால் நின்றாள். சாக்கைத் தூக்கியதுமே எடை போதாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு அள்ளு போடுறியா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

கீழ் நிரைக்காரியின் சாக்கு என்னுடையதைவிடப் பெருத்துத் தெரிந்தது.

"இன்னைக்குப் போட்டி மதினி. நாளைக்குப் போடுறேன்."

அவள் சாக்கைத் தராசில் மாட்டினாள். தராசு பதினேழரையில் நின்றது. கணக்கப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

எனக்கு முப்பத்தொரு கிலோ. கீழ் நிரைக்காரிக்கு இருபத்தேழு. மதினி கேட்டதைக் கொடுத்திருந்தாலும் நான்தான் ஜெயித்திருப்பேன். குக்கரோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

அடுத்த வாரம் மதினியை நிறுத்திவிட்டார்கள். காலையில் நிரை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை அவள் நிரையையும் என்னிடம் காட்டினார்.

"நீதானே மொத ஆளு. ரெண்டையும் பாத்துக்க."