பளபளாவின் பெல்ட்

லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்குத் தெரு வைத்த பெயர் பளபளா. கார் வாங்கிய நாளிலிருந்து அவர் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். ஆட்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்தினாலும் ஆற அமரக் கிளம்புகிற மனிதர், பானெட்டில் காக்கா எச்சம் விழுந்தால் மட்டும் வீட்டையே இரண்டாக்கிவிடுவார்.

கார் கழுவ இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் அழுக்குத் துணியை அலச வெறும் தண்ணீர். துணியில் ஒரு மண்துகள் இருந்தாலும் பெயின்டில் கோடு விழுந்துவிடுமாம். கீழே விழுந்த துணி அந்த நிமிடமே சமையலறைக்குப் பதவியிறக்கம். அப்புறம் மெழுகு. பெயின்டை மழையிலிருந்து காப்பாற்றுகிற மெழுகு என்று பெருமை அடித்துக்கொள்வார். காரை மழைக்குக் காட்டினால்தானே!

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர். கார் ஓட்டக் கற்று, லைசென்சும் வாங்கிவிட்டார். சாவி கேட்டால், "மெழுகு காயட்டும்" என்பார் பளபளா. காய்ந்ததும் அடுத்த பூச்சு ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் காலையில் பானெட்டின் விளிம்பில் ஒரு கீறல். மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"வண்டியை எடுத்தியா? எங்க கொண்டுபோய் இடிச்ச?"

"சாவி உங்க சட்டைப்பையிலதான தூங்குது?"

"அப்ப கீறினது யாரு, பேயா?"

வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி கைப்பையைக் கீழே வைத்தார். கீறலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "பானெட் நடுவுல கை எட்டாதே, அங்க எப்படித் தேய்ப்பீங்க?" என்று கேட்டார்.

பாடம் எடுக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் பளபளா விடுவாரா? துணியை எடுத்தார், தொந்தியை விளிம்பில் சாய்த்தார், வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். பழைய கீறலுக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒன்று. மேலே அவருடைய பெல்ட்டின் கொக்கி.

"என் கால் தேயுறது தெரியல. இது மட்டும் கண்ணுல படுது" என்றார் மனைவி. குரலை உயர்த்தக்கூட இல்லை.

பளபளாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி வீசிவிட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

தெருமுனை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பானெட்டில் விழுந்த தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடியது. "பாரு, பாரு! ஒரு பொட்டு நிக்குதா பாரு!" என்று குதூகலித்தார்.

"நான் ரோட்டைப் பாக்கிறேன்."

சிக்னலில் கார் நின்றது. ஓரத்தில் ஒரு பஸ் நிறுத்தம். கம்பம் மட்டும்தான், கூரை கிடையாது. நாலைந்து பெண்கள் கைப்பையைத் தலைக்குப் பிடித்து நனைந்துகொண்டிருந்தார்கள்.

"இங்கயா நீ பஸ் ஏறுவ?"

"ஆமா."

"மழையிலயுமா?"

மனைவி கியரைப் போட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பளபளா மெழுகைப் பற்றி வாயே திறக்கவில்லை.