டிக்கியில் புது விரிப்பு

நடந்ததைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது எனக்குப் பழக்கமில்லை. கண்டதையும் கேட்டதையும் வரிசை மாறாமல் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிலர் சிரிக்கலாம். அந்த டிக்கியின் மேல் என்னைப் போல உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தால் அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

என் கணவர் விட்டுச்சென்ற கார் அது. அதன் இருக்கைகளில் ஒரு கறை கிடையாது. காலைத் துடைக்காமல் யாரையும் நான் ஏறவிட்டதில்லை. வெளியூர் போவதற்கென்று அதை எடுத்துச் சென்ற என் மகன், முன்விளக்கு உடைந்து, பானெட் நசுங்கிய நிலையில் திரும்பக் கொண்டுவந்தான்.

"நாய் குறுக்க வந்துடுச்சும்மா. இனிமே இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துடலாம்."

"இது உங்கப்பா வாங்கினது. ரிப்பேர் பண்ணித்தான் ஓட்டுவேன்."

"நீயும் இந்த வண்டியும் ஒண்ணும்மா. ரெண்டு பேரும் வளைஞ்சு குடுக்க மாட்டீங்க."

அன்று அவனிடம் நான் மெச்சியது ஒன்றே ஒன்றைத்தான். டிக்கியைக் கழுவித் துடைத்து, பழைய விரிப்பை எடுத்துவிட்டுப் புதியது போட்டிருந்தான். சொல்லாமலே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாயே என்று வாய்விட்டுப் பாராட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. இதைப் போய் விக்கச் சொன்னது எந்த மகராசன்?" என்றார் பட்டறைக்காரர். முன்பக்கத்தைச் சரிசெய்து கொடுத்தார்.

திரும்பி வரும்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டொக்... டொக்...

மறுபடியும் பட்டறைக்குப் போனேன். ஸ்டெப்னியை இறுக்கினார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். சத்தம் போகவில்லை. மேடு பள்ளத்தில் வராது. சீரான சாலையில் வரும். மூடிக்கிடக்கும் ஆலையை ஒட்டிய சாலை வளைவை எட்டியதும் சட்டென்று நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

"என் காதுக்கு ஒண்ணும் கேக்கலியேம்மா" என்று தலையைச் சொறிந்தார்.

மகனிடம் நான் மூச்சுவிடவில்லை. வண்டியை ஒழித்துக்கட்ட அவனுக்கு இன்னொரு சாக்கு எதற்கு? அவனோ அந்தக் காரில் ஏறுவதையே விட்டிருந்தான். மழை கொட்டினாலும் நடந்தே போனான்.

ஒரு மாலை. தூறல். இன்றும் சத்தம் வந்தால் விற்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு புறப்பட்டேன். ஆலைச் சுவர் கண்ணில் பட்டதும், வளைவுக்குச் சற்று முன்பே நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

டொக்... டொக்...

ஓடாத வண்டியில்.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன். காலி. ஸ்டெப்னியையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மூடினேன்.

டொக்...

உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தேன். தகரம் என் கைக்கடியில் அதிர்ந்தது. பலமில்லாத தட்டல்.

"யாரு?" என்று கேட்டேன்.

டொக்டொக்டொக்டொக்...

என் குரல் உள்ளே கேட்டிருக்கிறது.

திறந்தேன்.

காலி.

புது விரிப்பைத் தொட்டேன்.

சூடாக இருந்தது... யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல.

வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. மகன் கதவைத் திறந்தான்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"

"ஆலை வளைவுகிட்ட வண்டியை நிறுத்திட்டேன்."

அவன் முகம் வெளுத்தது.

"இன்னும் தட்டுதாம்மா?"

பட்டறைக்காரரைத் தவிர நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அவனோ அந்தப் பட்டறைப் பக்கமே போனதில்லை.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாய் இல்லம்மா... ஒரு ஆளு. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் தட்டிக்கிட்டே வந்தான். வளைவுகிட்ட நின்னுபோச்சு. பயந்துட்டேன். ஆலைக்குப் பின்னாடி பாழ் தொட்டியில போட்டுட்டேன்."

"அடிபட்டவனைப் பின் சீட்டுல படுக்க வைக்காம, டிக்கியிலயாடா போட்டே?"

"சீட்டுல ரத்தம் பட்டா நீ திட்டுவியேம்மா..."

அப்படியே அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். சிறையில் என்னைப் பார்க்க இன்றுவரை அவன் சம்மதிக்கவில்லை. கார் காவல் நிலையத்தின் பின்புறம் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்று இனி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

வழக்கு விசாரணையின்போது, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரை நீதிமன்ற வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். வழியில் நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பாரா?

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா? கார் மோதின அந்த நொடியே கழுத்து முறிஞ்சு உயிர் போயிடுச்சும்மா. கையைத் தூக்கக்கூட நேரம் இருந்திருக்காது."