அந்தக் காட்சி படத்தில் இல்லை

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சைக்கிளை எடுக்கும்போது சொன்னார்கள், ஆபரேட்டர் சூசைநாதன் இறந்துவிட்டார் என்று. எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டியதை இனி அவரை அறிந்த உங்கள் எல்லோரிடமும்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

ஆவடியில் அவர் படம் ஓட்டிய கொட்டகை உங்களுக்குத் தெரியும். “ஆபரேட்டரு படத்தப் பாக்கக் கூடாது, மெஷின்ல வெளிச்சத்துக்குக் கார்பன் எரியறதத்தான் பாக்கணும்” என்பார். ஆனால் புதுப் படப் பெட்டி வந்தால், சென்சார் சான்றிதழின் பின்பக்கம் வெட்டச் சொல்லியிருக்கும் காட்சிகளைப் படித்து, அவை பிரிண்டில் இல்லையா என்று ரீல் ரீலாகச் சரிபார்ப்பார். வெட்டிய துண்டை மறுபடி ஒட்டி ஓட்டுகிற கொட்டகைகள் அப்போது இருந்தன. அவருக்கு அது ஆகவே ஆகாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு படம் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் ஒருவன் அறிக்கையிட்ட பாவத்தை, யாரிடமும் சொல்லக் கூடாத பாதிரியாரே போலீசிடம் சொல்லிவிடுவதாக அதில் காட்சி என்று பேச்சு. எங்களில் ஒருவரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. எங்கள் கோயில் பங்கின் இளைஞர் அணிச் செயலாளர் நான். ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்தும் கோவில்பதாகையிலிருந்தும் ஆட்களைத் திரட்டி, பகல் காட்சிக்கு முன்பே கொட்டகை வாசலை மறித்துவிட்டேன். சிலர் கையில் கல் இருந்தது. எனக்கு அது தெரியும்.

சூசைநாதன் இறங்கி வந்தார். அவரும் எங்கள் பங்குக்காரர் என்பதால் கூட்டத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“பாக்காமயே இன்னாத்துக்குக் கத்திகினு கீறே? உள்ள வா. பாத்துட்டு நீயே வெளிய வந்து சொல்லு. கீதுன்னா மெஷின நிறுத்திடறேன்.”

மேலே மெஷின் அறையில் சான்றிதழை என் கையில் கொடுத்தார். பின்பக்கம் அந்தக் காட்சி நீக்கப்பட்டதாகத் தெளிவாக எழுதியிருந்தது. போதாதென்று அந்த ரீலையும் எனக்காக ஓட்டிக் காட்டினார். பாதிரியார் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

வெளியே வந்தேன். “இன்னா தலைவரே, அந்த சீன் கீதா?” என்று நாலு பக்கமும் கேட்டார்கள். இல்லை என்றால் காசு வாங்கிக்கொண்டான் என்பார்கள். படிக்கட்டில் நின்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீது,” என்றேன்.

முதல் கல் டிக்கெட் கவுண்டர் கண்ணாடியில் விழுந்தது. வெட்டிய காட்சி ஓடியதென்றால் அதை ஒட்டியது யார்? போலீஸ் அப்படித்தான் கேட்டது. லைசென்ஸ் போய்விடும் என்று பயந்த முதலாளி, யாரும் ரீலைச் சரிபார்க்கும் முன்பே பெட்டியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டு, பழியை ஆபரேட்டர் தலையில் போட்டு வேலையிலிருந்து நிறுத்தினார். “நான் ஒட்டல” என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போனார். ‘துண்டு சூசை’ என்று நாம் பெயர் வைத்தோம்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர்தான் முதலில் என் பக்கம் திரும்பிக் கும்பிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் தாங்க முடியாமல், என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“அந்தப் பேப்பரப் படிச்சது நாம ரெண்டு பேருதான். நான் சொன்னா, தப்பிக்கப் பாக்குறான்னுவாங்க. நீதான் சொல்லணும். சொல்லுவே.”

நான் சொல்லவில்லை. கோழை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் ‘சொல்லுவே’ மட்டும்தான்.

அக்கா, இதை முதலில் படிக்க வேண்டியவர் நீங்கள். அந்தக் காட்சி படத்தில் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் எதையும் ஒட்டவில்லை. பொய் சொன்னவன் நான்.