மைனியின் கையில் இருந்த பெயர்

மைனியின் வலது முன்கையில் என் அண்ணன் பெயர் பச்சையாக இருந்தது. கல்யாணம் முடிந்து வந்த முதல் கோயில் கொடைத் திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டது. அண்ணன் மனைவியை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் மைனி என்போம். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள். தாராவிக்கு வந்த பிறகும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தக் கைதான் பதில் சொன்னது.

அண்ணன் குடித்துவிட்டு அடிக்கும்போதும் அந்தக் கையால்தான் முகத்தை மறைப்பாள். பிறகு ஒருநாள் அவன் வீட்டுக்கு வரவில்லை. குர்லாவில் வேறொருத்தியோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு மைனி தேடிப் போனாள். அந்த அறையும் பூட்டிக் கிடந்தது. குழாயடியில், "கையில புருசன் இருக்கான், வீட்டுல எங்கட்டி?" என்று ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது. நான் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு தோல்பை தைக்கப் போனவன் நான். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதன்பின் மே மாத வெக்கையிலும் மைனி முழுக்கை ரவிக்கைதான் போட்டாள். சோறு வடித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். "தம்பி, செத்தாலும் இந்தப் பேரோடதான எரிப்பாங்க?" என்பாள். எங்கள் சந்தில் நடந்த சிறிய சபைக்குப் போய் வாசலோரம் இருந்துவிட்டு வருவாள். ஞானஸ்நானம் எடு என்று சபையை நடத்திய பாஸ்டரம்மா சொன்னபோதெல்லாம் மழுப்பினாள். பழைய டிரம்களைக் கழுவி விற்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. ஒரு மத்தியானம், அங்கே கழுவ வைத்திருந்த ஆசிட்டை அந்தக் கையில் ஊற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பாஸ்டரம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார். மைனி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இவன் பேரை வச்சுக்கிட்டு ஞானஸ்நானத் தண்ணில எப்படிம்மா எறங்குவேன்? அதான் அழிக்கப் பாத்தேன். அதுவும் முழுசாப் போகல."

பாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் அதட்டலாக வந்தது. "ஏட்டி கோட்டிக்காரி, ஆண்டவர் என்ன ரேஷன் ஆபீசரா, பழைய கார்டுல பேரை வெட்டிட்டு வா, அப்பத்தான் சேப்பேன்னு சொல்ல? அவரு கையிலயும் ஆணித் தழும்பு இருக்குட்டி. இருக்கிறபடியே வா."

மைனி வார்டே திரும்பிப் பார்க்கும்படி கதறினாள். அண்ணன் போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுது நான் கேட்டது அப்போதுதான்.

புண் ஆறியதும் சபையில் வைத்திருந்த தொட்டியில் முழுகி எழுந்தாள். துண்டோடு நின்ற என் கண் முதலில் அந்தக் கைக்குத்தான் போனது. பெயர் போகவில்லை. முன் எழுத்துகள் சுருங்கிய தோலுக்குள் புதைந்திருந்தன. கடைசி எழுத்துகள் பச்சையாகவே இருந்தன. எதையோ எதிர்பார்த்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். மைனி கையைப் பார்க்கவே இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "பசிக்குது தம்பி" என்றாள்.

இப்போது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. போடுவது அரைக்கை ரவிக்கை. அண்ணன் என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. போன ஞாயிறு சபையில், யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரை ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். நான் வழக்கம்போலச் செருப்புகளின் பக்கத்தில் கடைசியில் இருந்தேன். அண்ணன் பெயர் எத்தனையோ ஞாயிறு என் தொண்டைவரை வந்து நின்றிருக்கிறது. வெட்கம் பாதி, கோபம் பாதி.

மைனி எழுந்தாள். அந்தக் கையை உயர்த்தினாள். ஒருநாளும் வாயால் சொல்லாத பெயரை, தோலில் பாதி அழிந்த பெயரை, முழுதாகச் சொன்னாள்.

"அவரு எங்க இருந்தாலும் பட்டினி கிடக்கக் கூடாது, ஆண்டவரே."

எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.