பார்க்காத முதல் பதினைந்து நிமிடங்கள்

ஞாயிறு, பிற்பகல் 3.15. பீளமேட்டுத் திரையரங்கு ஒன்றில், குழந்தைகளுக்கான துப்பறியும் கார்ட்டூன் படத்துக்கு நான், மகன், மருமகள், பேத்தி நால்வரும் பதினைந்து நிமிடம் தாமதமாக நுழைந்தோம். அக்கா இறந்து இருபத்து மூன்று நாள்.

படம் முடிந்ததும் மகன், "கதையே புரியலைங்கப்பா" என்றான். "அணில்தான் சாவிய எடுத்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க மாமா" என்றாள் மருமகள். பேத்தி மட்டும் முகம் வாடி, "சாவி எப்படித் தொலைஞ்சுதுங்க தாத்தா?" என்று கேட்டாள்.

சிறுவயதில் அக்காவும் நானும் இப்படித்தான் தொடக்கம் தெரியாமல் விழிப்போம். மில்லில் அப்பாவின் ஷிப்ட் முடிந்த பிறகே படத்துக்குப் போவோம். அதனால் எந்தத் துப்பறியும் படத்திலும் முதல் கொலையை நாங்கள் பார்த்ததில்லை. திரும்பும் பேருந்தில், பஞ்சு ஒட்டிய சட்டையோடு அப்பா அக்காவைப் பார்த்து, "அம்மணி, மொதல்ல என்ன நடந்திருக்கும், சொல்லு" என்பார். அக்கா தயங்காமல் சொல்வாள். "நேர்ல பாத்தவளாட்டப் பேசறா பாருங்க" என்று அம்மா சிரிப்பார். ஒருநாள் எல்லார் முன்பும், "அத்தனையும் பொய்" என்று நான் கத்தினேன். அதன்பின் அவள் சொன்னதேயில்லை.

இன்று அக்கா சொல்வதைப் போல நானே சொல்ல முடிவு செய்தேன். "வா கண்ணு, நான் சொல்றேன்" என்று பேத்தியிடம் தொடங்கினேன். வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

இன்னும் செய்யாதவை:
இரங்கல் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது.
அக்கா மகனிடம் பேசுவது.
அக்காவிடம் மன்னிப்புக் கேட்பது.